இடுப்பு உயரம்

மணி ஒன்பதரைகூட ஆகவில்லை, அதற்குள் அந்த ஏணி ஸ்டாண்டை நான்கு தடவை இடம் மாற்றிவிட்டேன். முதலில் ஜன்னல் பக்கம், பிறகு சோபா ஓரம், மறுபடியும் ஜன்னல், அங்கிருந்து கதவு மூலை. நாலு மணிக்கு அக்கா மகன் வருகிறான். அந்த நினைப்பே என்னை ஓரிடத்தில் நிற்க விடவில்லை.

"கொஞ்சம் உக்காருடி பட்டாசு. உன்னைப் பார்த்தா எனக்கே தலை சுத்துது," என்றாள் அக்கா. பட்டாசு என்பது வீட்டில் எனக்கு வைத்த பெயர். ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

"உக்காந்தா யாரு செய்யறது? உன் புள்ள வந்து செய்வானா?"

அவன் செய்ய மாட்டான். குறை கண்டுபிடிப்பான். அதுதான் அவன் உத்தியோகம். பெரிய தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. எந்த வழி அடைபட்டிருக்கிறது, எந்தக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அட்டையில் குறித்துக்கொண்டே நடப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். போன மாதம் அக்கா பின்வாசல் படியில் விழுந்து நெற்றியில் மூன்று தையல் போட்டதிலிருந்து, அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் வீடு ஒன்பதாவது மாடியில். அக்காவோ, காலமான அத்தான் கட்டிய இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்கிறாள். இரண்டு பேரும் போனில் கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு நான்தான் நடுவில் புகுந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாரு, வீடு ஒழுங்கா இருந்தா அம்மாவை விட்டுடு, இல்லைன்னா உன் இஷ்டம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி சித்தி. ஆனா வழியெல்லாம் காலியா இருக்கணும். அந்தச் செடிங்கதான் முதல் பிரச்சினை," என்றான்.

செடி என்றால் அது என் பேட்டை. தொட்டியும் ஸ்டாண்டும் விற்கிற கடையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். வாங்குகிறவர்கள் வீட்டுக்கே போய், எந்த மூலைக்கு எந்த ஸ்டாண்டு, எந்த ஸ்டாண்டில் எந்தச் செடி என்று பார்த்து அடுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. என் கை பட்டால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பொந்துகூடப் பளிச்சென்று ஆகிவிடும் என்று முதலாளியம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவளின் சொந்த அக்கா வீடு எப்படி இருந்தது தெரியுமா? ஹால் கதவில் தொடங்கி, வராந்தாவின் இடது சுவரை ஒட்டி, சமையலறையைத் தாண்டிப் பின்வாசல் படி வரைக்கும் ஒரே வரிசையாகத் தொட்டிகள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி. ஒன்று முதுகு உடைந்த நாற்காலி மேல், ஒன்று பழைய தையல் மெஷினின் இரும்புக்கால் மேல், இன்னொன்று கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல். அதுகூடப் போகட்டும். எல்லாம் ஒரே உயரம்! நாற்காலிக்கு அடியில் செங்கல், டப்பாவுக்கு அடியில் பலகை, தையல் மெஷினுக்கு அடியில் மடித்த அட்டை என்று முட்டுக் கொடுத்து, தொட்டிகளின் விளிம்பெல்லாம் இடுப்பு உயரத்துக்குச் சமமாக நிறுத்தியிருந்தாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒன்று உயரம், ஒன்று நடுத்தரம், ஒன்று தரையோடு, அப்போதுதான் கண்ணுக்கு ஓட்டம் இருக்கும். கொடி மேலே, அகன்ற இலை கீழே. கனமான தொட்டி உச்சித் தட்டுக்குப் போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், நடக்கிற வழியில் ஒன்றும் இருக்கக் கூடாது.

"இதையெல்லாம் எடுத்துடப் போறேன்க்கா. கடையில இருந்து புது ஸ்டாண்டு பதினொண்ணு கொண்டாந்திருக்கேன்."

அக்கா முகம் மாறியது. "இருக்கற மாதிரியே இருக்கட்டும்டி. தூசி மட்டும் தட்டு, போதும்."

"தூசி தட்டினா உன் புள்ள விட்டுடுவானா? முதல்ல இதைத்தான் குறிச்சுப்பான்."

"நான் பாட்டுக்கு இத்தனை நாளா இதோடதானே இருக்கேன்?"

"இதோட இருந்துதான் படியில உருண்டே."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. எனக்கு அவசரம். பதினோரு மணிக்குள் கடை வண்டிக்காரர் திரும்பிப் போக வேண்டும், அதற்குள் பழைய சாமான்களை ஏற்றியாக வேண்டும். நாற்காலி, மெஷின் கால், டப்பா எல்லாவற்றையும் நானும் அவருமாகத் தூக்கி வண்டியில் போட்டோம். அக்கா ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தரையில் இழுபடும் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். பாசம் என்று நினைத்தேன். பெயின்ட் டப்பா மேல் என்ன பாசம் என்று உள்ளுக்குள் சிரிக்கவும் செய்தேன்.

அதன் பிறகு என் ராஜ்ஜியம். ஹால் ஜன்னலடியில் மூன்று தட்டு ஏணி ஸ்டாண்டு, அதன் உச்சியில் மணி பிளான்டைத் தொங்கவிட்டேன். கதவு மூலைக்கு முக்கோண மூலை ஸ்டாண்டு. சோபா பக்கத்தில் மரக்கால் ஸ்டாண்டில் பெரிய பெரணி, அதன் காலடியில் தரையோடு ஒரு குட்டி வளைய ஸ்டாண்டு. வராந்தாவை அடியோடு காலி செய்தேன். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் யாராவது புதினா வைப்பார்களா? வெயிலே படாத இடம்! தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில், படிக்கு எதிர்ப்புறம் இரண்டு அடுக்கு இரும்பு ஸ்டாண்டில் வைத்தேன். கற்றாழையும் ரோஜாவும் கூடவே போயின. படியோரம் துடைத்து விட்ட மாதிரி ஆயிற்று. இரண்டு மணிக்கு முடிந்தபோது வீடு அவ்வளவு அழகாக இருந்தது. அப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரணியை ஒரு விரல் இப்படித் திருப்புவேன், நாலு அடி பின்னால் போய்ப் பார்ப்பேன், மறுபடியும் ஓடிப் போய் அப்படித் திருப்புவேன்.

முதலாளியம்மாவுக்கு அனுப்பலாம் என்று ஹாலில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலியான வராந்தா திரையில் நீளமாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்குள் அக்கா வந்தாள். சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகிறாள் போலிருந்தது.

வலது கையை நீட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, காற்றில் மேலும் கீழும் துழாவினாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷமாக நடக்கிற வராந்தாவின் நடுவில், வழி தெரியாத ஊரில் இறக்கிவிட்டவள் மாதிரி என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

போனைச் சோபாவில் எறிந்துவிட்டு ஓடினேன்.

"என்னக்கா? என்ன தேடறே?"

"ஒண்ணுமில்ல. புதினா வாசம் வரலையேன்னு பார்த்தேன்."

"வாசமா?"

கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

கண்ணுக்குள் அழுத்தமாம். ஒன்றரை வருஷமாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லாமல் தனியாகவே டாக்டரிடம் போய், சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்து, தினமும் போட்டுக்கொள்கிறாள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எதிர்ல இருக்கறது தெரியும்டி. உன் மூக்கு தெரியுது, மூக்கு மேல இருக்கற கோபமும் தெரியுது. ஓரமும் கீழயும்தான் இருட்டு. அதான் செடிங்களை வரிசையா வெச்சுக்கிட்டேன். போறப்ப இடது கை, வர்றப்ப வலது கை, விளிம்பை விட்டு எடுக்காம நடப்பேன். மணி பிளான்டு வந்தா ஹால் கதவு. புதினா வாசம் வந்தா குளியலறை. கற்றாழை முள்ளு பட்டா அடுத்த அடி படி. அன்னிக்குக் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கற்றாழையைத் தள்ளி வெச்சுட்டுப் போயிட்டார். அதான் விழுந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை உலுக்கிவிடலாம் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னை. கண்ணுக்கு ஓட்டம் வேண்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறவள், கூடப் பிறந்தவள் ஒவ்வொரு தொட்டியையும் தொட்டுத் தொட்டு நடப்பதைச் செடி மேல் ஆசை என்று நினைத்துக் கோட்டை விட்டேனே!

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா முதல்ல அவனுக்குப் போன் போடுவே. போடுவியா, மாட்டியா?"

போடுவேன்தான்.

"அவன்கிட்ட சொல்லிடாதடி. தெரிஞ்சா இன்னிக்கே பெட்டியைக் கட்டுவான்."

"சொல்லல," என்றேன். சொன்ன கையோடு கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டே முக்கால்.

வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஊரின் அந்தப் பக்கம் யார் வீட்டிலோ தொட்டி இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வர ஆறு மணி ஆகும் என்றார். போனிலேயே அவரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார் பாவம், நான் ஏற்றச் சொன்னதைத்தானே ஏற்றினார். சரி, இருக்கிற பதினொரு ஸ்டாண்டை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதில் எந்த இரண்டும் ஒரே உயரம் கிடையாது. காலையில் அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

"இங்க வந்து நில்லுக்கா. கையைத் தொங்கப் போடு. இப்ப லேசா மடக்கு. அசையாதே."

அவள் உள்ளங்கை நின்ற உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தேன். ஏணி ஸ்டாண்டின் நடுத்தட்டில் வைத்தால் தொட்டி விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சரியாக வந்தது. உச்சித் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நடுத்தட்டில் தொட்டியை வைத்தேன். மரக்கால் ஸ்டாண்டு நாலு விரல் குறைவு, தோட்டத்துச் செங்கல்லைச் சுமந்து வந்து அடியில் கொடுத்தேன். குட்டி வளைய ஸ்டாண்டை என்ன செய்வது? சமையலறை ஸ்டூலின் மேல் அதைத் தூக்கி வைத்து, கயிற்றால் சேர்த்துக் கட்டினேன். கடையில் இருக்கிற புதுப்பெண் இப்படிச் செய்திருந்தால் நானே திட்டித் தீர்த்திருப்பேன். மணி பிளான்டு ஹால் கதவுக்குத் திரும்பியது, அந்த ஸ்டூலின் மேல் புதினா குளியலறைக்குத் திரும்பியது, கற்றாழை படிக்குத் திரும்பியது. புடவையெல்லாம் மண். அக்கா ஒவ்வொரு தொட்டியாகக் கை வைத்து, இது மேலே, இது கீழே, இது சரி என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள்.

கடைசியில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஹால் கதவிலிருந்து நடந்து பார்த்தேன். நாலாவது தொட்டிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கை அந்தரத்தில் போனது, பயத்தில் கால் எழவில்லை. பதினாறு வருஷமாக ஸ்டாண்டு அடுக்குகிறேன், கையால் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்தாவதை நெருக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம். பாதுகாப்பு அதிகாரி அல்லவா, முன்னாலேயே வருவார்.

உள்ளே வந்தவன் அம்மாவின் நெற்றித் தழும்பை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வராந்தாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்ன சித்தி இது? மறுபடியும் வழியிலேயே வரிசையா?"

"இப்ப இதுதான்டா ஃபேஷன்."

"செங்கல்லும் கயிறுமா?"

"அதுவும்தான்," என்றேன். என் முகம் எனக்கே தெரிந்தது, பொய் சொல்லத் துப்பில்லாத முகம்.

அவன் அளவு டேப்பை எடுத்து வழியை அளந்தான். எங்க ஃபேக்டரியா இருந்தா இதுக்குச் சீல் வெச்சிருப்பேன் என்று முணுமுணுத்தான். அக்கா ஒன்றும் நடக்காத மாதிரி, டீ கொண்டு வருகிறேன் என்று எழுந்தாள். இடது கை தொட்டி விளிம்பில், முதுகு நிமிர்ந்து, ராணி மாதிரி நடந்தாள். போனாள், கோப்பைகளைத் தட்டில் ஒரு கையால் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் நடக்கறாங்க," என்றான் அவன், என்னிடம், மெதுவாக. "நான்தான் ரொம்பப் பயந்துட்டேனோ? சரி சித்தி, இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்."

அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. முகம் மலர்ந்து போயிற்று. "ஃபிளாஸ்க்கை உள்ளயே வெச்சுட்டேன், இரு," என்று மறுபடியும் சமையலறைக்குப் போனாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது, அது சந்தோஷமா குற்ற உணர்ச்சியா என்று தெரியவில்லை. எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன்.

திரும்பிப் பார்த்தால், அவன் வராந்தாவில் இருக்கிறான். குளியலறைக் கதவு முழுசாகத் திறக்கவில்லை, புதினா இடிக்கிறது. "இது ஒண்ணை மட்டும் நகர்த்திடறேன் சித்தி," என்று ஸ்டூலோடு சேர்த்துத் தூக்கி, கயிறு கட்டிய அந்தக் கோபுரத்தை வழியின் நடுவில் இறக்கிவிட்டு, கதவைத் திறந்து பார்க்க உள்ளே போனான். சமையலறையிலிருந்து அக்கா புறப்பட்டுவிட்டாள். இடது கையில் சூடான ஃபிளாஸ்க், மூடி திறந்திருந்தது, ஆவி பறந்தது. நேராக எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

நான் ஓடினாலும் எட்ட முடியாது. அவளுக்கும் அந்த ஸ்டூலுக்கும் நடுவில் மூன்றே அடி. வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"நில்லுக்கா! அசையாதே! முன்னாடி ஸ்டூல் இருக்கு!"

அக்கா நின்றாள். வலது கை விளிம்பிலிருந்து நழுவி, புதினா இருந்த வெற்றிடத்தில் துழாவியது. குளியலறை வாசலில் அவன் நின்று, பட்டப்பகலில் தன் முட்டிக்கு முன்னால் இருக்கிற ஸ்டூலைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஃபிளாஸ்க்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான்.

"எவ்வளவு நாளாம்மா?"

"ஒன்றரை வருஷம்."

"ஒன்றரை வருஷமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? சித்தி, நீங்களுமா?" நான் தலை குனிந்துகொண்டேன். "போதும்மா. இனிமே பேச்சே இல்ல. இன்னிக்கே கிளம்புறோம். அங்க நான் இருக்கேன், மருமக இருக்கா, லிஃப்ட் இருக்கு, எல்லாம் இருக்கு."

அக்கா அழவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வரேன்டா. கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன் வீட்டுக்கு வந்தா நான் குருடி. இங்க நான் குருடி இல்ல."

அவன் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். செங்கல், கயிறு, சுவரில் பென்சில் கோடு, சமமாக நின்ற விளிம்புகள். இடையில் இருந்த அந்த ஒரு ஓட்டை, அவன் உண்டாக்கிய ஓட்டை. பிறகு விறுவிறுவென்று வெளியே போனான். காரை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறான் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவன் டிக்கியைத் திறந்து எதையோ குடைந்துகொண்டிருந்தான். கையில் ஒரு மஞ்சள் டேப் சுருளோடு வந்தான்.

"நாளைக்கு லீவு போடறேன். அந்த டாக்டரை நானும் பார்க்கணும்," என்றான், யாருக்கென்று இல்லாமல். "அவர் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்."

வராந்தாவில் மண்டி போட்டு உட்கார்ந்தான். புதினா ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப்பக்கம் நகர்த்தினான். எங்கே இருந்தது என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை.

"இங்கயாம்மா?"

அக்கா கையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் உள்ள."

"இப்ப?"

"இன்னும் ரெண்டு விரல். ஆங், இப்ப சரி."

ஸ்டூலின் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் மஞ்சள் டேப்பை ஒட்டினான். ஃபேக்டரியில் இப்படித்தானாம், கோடு போட்ட பொருளைக் கோட்டை விட்டு யாரும் நகர்த்தக் கூடாதாம், முதலாளியே வந்தாலும். பிறகு மண்டியிட்டபடியே அடுத்த தொட்டிக்கு நகர்ந்தான். அக்கா கூடவே ஒரு அடி எடுத்து வைத்து, அதன் விளிம்பில் கை வைத்தாள்.